பிரிக்காத பொட்டலம்

எங்கள் வார்டில் எனக்குப் பொட்டலம் அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பதினேழு வருடமாகப் பிறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றுகிற கை இது. மற்ற நர்சுகள் சுற்றிய குழந்தை பத்தாவது நிமிடம் ஒரு கையை வெளியே நீட்டி வார்டையே கூட்டும். நான் சுற்றினால் அடுத்த பாலுக்குத்தான் கண் திறக்கும். "பொட்டலம் அக்கா சுத்தினா குழந்தைக்கே தனக்குக் கால் இருக்கறது மறந்துடும்" என்று ஒருத்தி சொன்னது ஒருநாள் காதில் விழுந்தது. அவளைக் கூப்பிட்டு, வாயைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார் என்று கத்திவிட்டு, அன்று முழுக்க உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். எடை, தோலின் நிறம், பால் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று வரிசையாக இருக்கும். கடைசியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் வலது கையில் சிவப்பு விளக்கை ஒட்டி அளந்த ஆக்ஸிஜன் எண்ணை எழுத வேண்டும். இன்னொன்றில் காலில் ஒட்டி அளந்த எண். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சரி. கால் எண் மூன்றுக்கு மேல் குறைந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கையை அளப்பது சுலபம், துணியின் ஓரத்தில் விரலை விட்டு வெளியே இழுத்துவிடலாம். காலுக்கு முழுப் பொட்டலத்தையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் அழும், உதைக்கும், உதைத்தால் எண் நிற்காது, ஐந்து நிமிடம் போய்விடும். இப்படிப் பதினெட்டு குழந்தை.

அதனால் எங்கள் வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நேரமில்லாதபோது கை எண்ணில் ஒன்றைக் கழித்துக் கால் எண் என்று எழுதிவிடுவோம். அதே எண்ணை எழுதினால் அளக்கவில்லை என்று தெரிந்துவிடும் அல்லவா, அதற்காக ஒன்று குறைவு. எல்லாக் குழந்தைக்கும் செய்வதில்லை, அவசரத்துக்கு மட்டும்தான் என்று எங்களுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தோம்.

என் தங்கைக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அவளுடைய ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, படிக்காவிட்டால் முதுகில் நாலு வைத்தது எல்லாம் நான்தான். கல்யாணமாகிப் போன பிறகும் ஒரு புடவை எடுக்க வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்வாள். அக்கா எதிரில் இவள் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாள் என்று அவள் புருஷன் கேலி செய்வான். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை தங்காமல் போனது. மூன்றாவது தங்கியதும், எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று நான் சொல்லிவிட்டேன். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அடிக்கடி லிஃப்ட் சரிபார்க்கப் போவான். அங்கே குழந்தைகளுக்கென்றே தனிக் கட்டடம் இருக்கிறது, அங்கே பார்த்தால் என்ன என்று அவனுக்கு ஆசை.

"லிஃப்ட் நல்லா ஓடினா பிரசவம் நல்லா ஆகும்னு எங்க தம்பி எழுதி வச்சிருக்கு?" என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்தேன். தங்கை சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேன் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னது. பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். பிறந்த அரைமணி நேரத்தில் அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கிரீஸ் கறை போகாத விரல் அது. "நான் கழுவிட்டுத்தான்க்கா வந்தேன்" என்று எனக்குப் பயந்து சொன்னான். அப்போதிலிருந்து அதற்கு சுண்டு என்று பெயர் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரமாக அழுத குழந்தை அப்போதுதான் என் கையில் அடங்கித் தூங்கியிருந்தது. கீழே தங்கை புருஷன் வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, காவலாளி விசிலடிக்க, ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்துக் கட்டில்களைப் பார்க்கும் சின்ன நர்ஸ் தாளோடு வந்தாள். "குடு, இது எங்க வீட்டுப் பிள்ளை, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். வலது கையை வெளியே இழுத்து விளக்கை ஒட்டினேன். தொண்ணூற்றேழு காட்டியது.

காலுக்குப் பிரிக்க வேண்டும். அன்று சுற்றியதுபோல் நான் எந்தக் குழந்தையையும் சுற்றியதில்லை. நாலு பேர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். மடிப்பெல்லாம் இஸ்திரி போட்டதுபோல் அப்படியே இருந்தது. பொட்டலத்தைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், பேனாவை எடுத்துத் தொண்ணூற்றாறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தங்கை என் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் வார்டில் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, சுண்டு கால் ரெண்டும் ஜில்லுன்னு இருக்கு. கை சூடாத்தான் இருக்கு."

"பிறந்த குழந்தைக்குக் கால் அப்படித்தான்டி இருக்கும். சாக்ஸ் போட்டு நல்லா சுத்தி வை, நான் காமிச்ச மாதிரி."

"பாலும் கொஞ்சமாத்தான் குடிக்குது."

"அஞ்சு நாள் குழந்தை அண்டா அண்டாவா குடிக்குமா? ஒண்ணொண்ணுக்கும் போன் பண்ணாத. எனக்கு இங்க பதினெட்டு இருக்கு."

"சரிக்கா" என்றாள். அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை.

ஏழாம் நாள் காலை, டியூட்டிக்குப் போகிற வழியில் அவள் வீட்டுக்குப் போனேன். எட்டிப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் போனேன். தங்கை என்னைப் பார்த்ததும் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என்னைப் போலவே சுற்றியிருந்தாள், ஒரு மடிப்பு பிசகவில்லை. முகத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம். மூக்கு விரிந்து விரிந்து அடங்கியது, மூச்சு வேகவேகமாக ஓடியது. கட்டிலில் போட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாக்ஸைக் கழற்றினேன். கால் இரண்டும் வெளிறி, திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்து, குழாய்த் தண்ணீர்போல் சில்லிட்டிருந்தது. டயபர் காய்ந்து கிடந்தது. தொடை இடுக்கில் விரலை வைத்து நாடியைத் தேடினேன். இல்லை. அடுத்த பக்கம் தேடினேன், அங்கேயும் இல்லை.

அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ரத்தம் போகவில்லை என்று தெரிந்தது. நான் எழுதிய தொண்ணூற்றாறும் கண் முன்னால் வந்து நின்றது.

நைட்டியோடு தங்கையும், முகம்கூடக் கழுவாமல் அவள் புருஷனும், யூனிஃபாரத்தில் நானுமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வாசலில் பாஸ் கேட்ட காவலாளியிடம் நான் கத்திய கத்தலில் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். என் செருப்பு ஒன்று லிஃப்டிலேயே கிடந்துவிட்டது. உள்ளே ஐந்தாறு பேர் சுண்டுவைச் சூழ்ந்துகொண்டார்கள். தொப்புள் வழியாக ஊசி, மூச்சுக்குக் குழாய், எங்கே பார்த்தாலும் ஒயர். "நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க சிஸ்டர், இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா கஷ்டம்" என்று ஒரு டாக்டர் சொன்னார். தங்கை புருஷன் அங்கேயே என் காலைத் தொடக் குனிந்தான். நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன்.

பத்து மணிவாக்கில் சர்ஜன் வந்தார். குள்ளமான, நரைத்த மனிதர். குரல் உயரவே உயராது. கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் படம் போட்டார்.

"இதயத்துலேர்ந்து கிளம்பற பெரிய குழாய் இது. மேல போய், குடைப்பிடி மாதிரி வளைஞ்சு, கீழ இறங்கணும். வளையற இடத்துல தலைக்கும் கைக்கும் கிளை விட்டுட்டு, மீதி ரத்தத்த வயித்துக்கும் காலுக்கும் கொண்டு போகும். உங்க குழந்தைக்கு அந்த வளைவு நடுவுல குழாயே இல்ல. மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு. ரொம்ப அபூர்வம், லட்சம் குழந்தைல ஒண்ணு ரெண்டுக்குத்தான் இப்படி."

"அப்ப இத்தனை நாள் காலுக்கு ரத்தம் எப்படிப் போச்சு?" என்று கேட்டான் தங்கை புருஷன்.

"வயித்துக்குள்ள இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்த சில நாள்ல அது தானா மூடிக்கும். அது வழியாத்தான் கீழ்ப்பாதிக்கு ரத்தம் போயிட்டிருந்தது, அதுவும் ஆக்ஸிஜன் கம்மியான ரத்தம். இப்ப அது மூடிக்கிட்டு வந்திருக்கு. மருந்து குடுத்துத் திறந்து வச்சிருக்கோம்."

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதாவது கேபிளே மாட்டாம, லிஃப்ட் வெறும் பிரேக்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கு" என்றான்.

"அப்படியே வச்சுக்கலாம்" என்றார் சர்ஜன். "ஒரு நாலு நாள் உடம்பத் தேத்திட்டு ஆபரேஷன். நெஞ்சத் திறந்து, இதயத்தோட வேலைய மெஷின்கிட்ட குடுத்துட்டு, கீழ்த்துண்ட மேல இழுத்து மேல்த்துண்டோட தைக்கணும். இதயத்துக்குள்ள ஒரு ஓட்டையும் இருக்கு, அதையும் அடைக்கணும்."

தங்கை புருஷன் ஃபைலில் இருந்து எல்லாக் காகிதங்களையும் எடுத்துக் கொடுத்தான். அதில் என் தாளும் இருந்தது. சர்ஜன் ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் வந்து நின்றார்.

"கை தொண்ணூத்தேழு, கால் தொண்ணூத்தாறா? இந்த மாதிரி குழந்தைக்குக் கால்ல நல்லாவே கம்மியாக் காட்டியிருக்கணுமே" என்றவர், என் யூனிஃபாரத்தைப் பார்த்தார். "நீங்க அந்த ஆஸ்பத்திரிதானே சிஸ்டர்? உங்க மெஷின் சரியா வேலை செய்யுதா?"

"பழைய மெஷின், டாக்டர்" என்றேன். அந்த மெஷின் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் தலையாட்டிவிட்டுத் தாளை உள்ளே வைத்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, டாக்டர்?" என்று தங்கை கேட்டாள். அவள் அங்கே வாயைத் திறந்தது அப்போதுதான்.

"மூணாம் நாளே மருந்த ஆரம்பிச்சிருப்போம். குழந்தை இவ்வளவு சோர்ந்து போகாம ஆபரேஷனுக்கு வந்திருக்கும். இப்ப கிட்னி அடி வாங்கியிருக்கு. மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கான்னு பின்னாடிதான் தெரியும். பிழைக்க வைக்க முடிஞ்சதப் பண்றோம்மா."

பிறகு வந்த நாலு நாளும் நான் அனுபவித்தது என் விரோதிக்கும் வேண்டாம். தங்கை புருஷன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "எங்க அக்கா மட்டும் அன்னைக்குக் காலைல வரலன்னா குழந்தையே இல்ல" என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தார்கள். அவன் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆட, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொள்ளவும் இல்லை, அதை அசைத்து உண்மையைச் சொல்லவும் இல்லை.

தங்கை வேறு விதமாகச் செத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தான் செய்த தப்புகளை விரல் விட்டு எண்ணுவாள். மூன்றாம் மாதத்தில் தலைவலிக்கு மாத்திரை போட்டதும், ஒருநாள் படியில் வாளி தூக்கியதும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆறாம் நாள் சாயந்திரம் குழந்தை சரியாகச் சப்பவில்லை என்று தெரிந்தும் தூக்கம் தாங்காமல் தூங்கிவிட்டதை மட்டும் ஒவ்வொரு தடவையும் கடைசியில் சொல்வாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லடி" என்றேன்.

"அப்ப யார் மேலக்கா?"

"யார் மேலயும் இல்ல. பிறக்கும்போதே அப்படி" என்றேன். பிறக்கும்போதே அப்படி என்பது நிஜம்தான். அந்த நிஜத்தை எடுத்து என் பொய்யை மூடிக்கொண்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பவும் வாளியிலிருந்து ஆரம்பித்தாள்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு சுண்டுவை உள்ளே கொண்டுபோனார்கள். எத்தனையோ தாய்மாரை, பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று நான் அதட்டியிருக்கிறேன். அன்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தவளாக இருப்பது பெரிய தண்டனை. இப்போது நெஞ்செலும்பை அறுப்பார்கள், இப்போது உடம்பைக் குளிர வைப்பார்கள், இப்போது அந்த இதயம் நின்றிருக்கும் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. என் வலது கையில் நாடி பார்க்கிற இடத்தை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுண்டு பிழைத்துவிட்டால் அன்றைக்கே தங்கையிடம் சொல்லிவிடுவது என்று கடவுளிடம் பேரம் பேசினேன். பிழைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கத் துணியவில்லை. நடுவில் டீ மெஷின் காசை விழுங்கிக்கொண்டு டீ தரவில்லை. அதை ஓங்கி ஒரு உதை விட்டேன். அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றரைக்கு சர்ஜன் வெளியே வந்தார். முகமூடி அழுத்திய கோடு கன்னத்தில் இருந்தது.

"சேத்துத் தச்சாச்சு. கால்ல நாடி வருது. வீக்கம் வத்தற வரைக்கும் நெஞ்ச மூடாம விட்டிருக்கோம், ரெண்டு நாள்ல மூடிடலாம்" என்றார்.

தங்கை என் தோளில் விழுந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, பேரத்தை நினைத்தேன். நெஞ்சை மூடட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தோன்றியது. மூடினார்கள். மூச்சுக் குழாயை எடுக்கட்டும் என்று இருந்தேன், எடுத்தார்கள். ஒரு வாய்ப் பால் குடிக்கட்டும் என்றேன். அதுவும் குடித்தது. கிட்னி தேறிவிட்டது என்றார்கள், மூளை ஸ்கேனும் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, வளர வளரக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்குச் சாக்குகள்தான் தீர்ந்துகொண்டே வந்தன.

இருபத்தாறாம் நாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். தனி அறை, ஒரு கட்டில், ஒரு தொட்டில், பக்கத்து மேசையில் கையால் பிடித்து அளக்கிற சின்ன மெஷின். காலையில் நான்தான் சுண்டுவைத் துடைத்து, மருந்து போட்டு, சுற்றி வைத்திருந்தேன். பழைய கை மறக்குமா, பொட்டலம் கச்சிதமாக இருந்தது. தங்கை புருஷன் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தான்.

"அக்கா, குழந்தை பேருன்னு கேட்டிருக்கு. நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். உங்க பேர்தான்" என்றான்.

"வேணாம் தம்பி."

"கூச்சப்படறதப் பாரு. நீங்க குடுத்த உயிரு, உங்க பேரு."

"வேணாம்னா வேணாம்னு சொல்றேன்ல" என்று கத்திவிட்டேன். சுண்டு துணிக்குள் திடுக்கிட்டது. அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், "நீங்க கீழ போய் வீட்டுக்குக் கொண்டுபோற மருந்தெல்லாம் வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் போனான்.

கதவு மூடியதும், நான் யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அந்தத் தாள்ல இருக்கற கால் நம்பர் நான் அளக்கலடி. பொட்டலத்தப் பிரிக்கவே இல்ல. கை நம்பர்ல ஒண்ணக் கழிச்சு நானா எழுதினேன். மெஷின் பழசுன்னு டாக்டர்கிட்ட சொன்னதும் பொய். பிரிச்சுப் பாத்திருந்தா மூணாம் நாளே தெரிஞ்சிருக்கும்."

அவள் தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள், மயிரைப் பிடித்து இழுப்பாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ பிரிக்கலன்னு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு அந்தச் சின்ன நர்ஸ் துணியப் பிரிச்சு, கால்ல விளக்க ஒட்டி, ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டுத்தான் எழுதினா. நீ கையில மட்டும் வச்சுட்டுப் பேனாவ எடுத்த. கால்ல பாக்க வேணாமாக்கான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு."

"கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா நீ கத்துவ."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல் சொன்னாள்.

"போன்லயும் அப்படித்தான்" என்றாள். "மறுநாளும் கால் ஜில்லுன்னுதான் இருந்துச்சு. போன எடுத்து எடுத்துக் கீழ வச்சேன். பதினெட்டு குழந்தை இருக்குன்னு சொன்னியே, திட்டுவியேன்னு வச்சுட்டேன். மாத்திரையையும் வாளியையும் சொல்லிச் சொல்லி அழுதேன்ல, அதெல்லாம் இல்லக்கா. இதத்தான் என்னால சொல்ல முடியல. நீ அளக்காம விட்டத நான் மன்னிப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. ஆனா ஒரு திட்டுக்குப் பயந்துக்கிட்டு என் பிள்ளை கால்ல ரத்தம் இல்லாம கிடந்தப்ப வாய மூடிட்டு இருந்தேனே, நான் என்ன அம்மா?"

கட்டிலில் உட்கார்ந்தேன். அளக்காமல் எண்ணை எழுதியது ஒரு நிமிட வேலை. அந்தப் பயத்தை நான் இருபத்தைந்து வருடமாக வளர்த்திருக்கிறேன். தலை வாரும்போது ஆட்டாதே என்று மண்டையில் குட்டிய கையால், எதிர்த்துப் பேசினால் முதுகில் வைத்த கையால், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி வளர்த்திருக்கிறேன். என் எதிரில் தும்மாத தங்கை என்று பெருமை வேறு.

"நாளைக்கு எங்க மேட்ரன்கிட்ட சொல்லப்போறேன்" என்றேன். "இந்த டாக்டர்கிட்டயும் சொல்றேன். வார்டுல எல்லாரும் இப்படி ஒண்ணு கழிச்சு எழுதறதையும் சேத்து. வேலை போனா போகட்டும்."

"சொல்லு" என்றாள். "நீ சொல்லலன்னா நான் வந்து சொல்வேன்."

இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. மேசையில் கிடந்த படிவத்தை எடுத்தாள். பெயர் என்ற இடத்தில் அவள் புருஷன் முதல் எழுத்தை எழுதியிருந்தான், என் பெயரின் எழுத்து. அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பேரை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்றாள். சரி என்றேன்.

"அக்கா, இப்ப பாரு."

"என்னத்த?"

"கால. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கணும்ல."

நான் எழுந்து தொட்டிலிடம் போனேன். காலையில் நான் சுற்றிய பொட்டலத்தை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். சுண்டு விழித்துக்கொண்டது. நெஞ்சின் நடுவில் நீளமாகத் தையல். இரண்டு காலையும் விட்டு உதைத்துக்கொண்டு வீல் என்று கத்தியது. கால் வெதுவெதுப்பாக இருந்தது. தொடை இடுக்கில் விரல் வைத்தேன், துடித்தது. வலது கையில் விளக்கை ஒட்டினேன். தொண்ணூற்றேழு. பிறகு இடது காலில் ஒட்டினேன். உதைக்க உதைக்க எண் ஏறி இறங்கியது. காலை அழுத்திப் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அதுவாக அடங்கும்வரை காத்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். எண் நின்றது.

தொண்ணூற்றாறு.

அளக்காமல் எழுதிய அதே எண். இதை எழுதினால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன். "தொண்ணூத்தாறு" என்று மெதுவாகச் சொன்னேன்.

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெஷினைத் தன் பக்கம் திருப்பி, குனிந்து, எண்ணைத் தானே படித்தாள்.

"இன்னொரு தடவை பாருக்கா" என்றாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால், அதான் பார்த்தாச்சே, கண்ணு தெரியலையா என்று கேட்டிருப்பேன். விளக்கை எடுத்து அடுத்த காலில் ஒட்டினேன். சுண்டு மறுபடியும் உதைக்க ஆரம்பித்தது. எண் நிற்பதற்காக நாங்கள் இரண்டு பேரும் குனிந்து காத்திருந்தோம்.